வயரைப் பிடுங்கிப் பார்ப்பவள்

பிளக்கைப் பிடுங்கி, அதைக் கையில் தொங்கவிட்டபடி அம்மா நிற்கிறாள். கண் என் மடிக்கணினியின் திரை மேல். அணையவில்லை. "ம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பச் செருகுகிறாள். அடுத்து எமர்ஜென்சி விளக்கு. பிறகு அண்ணியின் செல்போன்.

"மிக்சியையும் பிடுங்கிப் பாருங்க அத்தை," என்பாள் அண்ணி. "அதுவும் நடிக்குதோ என்னவோ."

"அது நடிக்காது. பிடுங்கினா நின்னுடும். நல்ல பொருள்."

அம்மாவுக்கு ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் வேலை. சட்டையை இரண்டு கையாலும் பிடித்து இழுப்பாள். தையல் விட்டால் திருப்பி அனுப்புவாள். துணிக்கடையிலும் அப்படித்தான் இழுப்பாள், கடைக்காரர் முகம் போகிற போக்கைப் பார்க்க முடியாது. ஆனால் வயரைப் பிடுங்குவது அப்பா போன பிறகு வந்த பழக்கம். மருத்துவமனையில் அப்பாவின் மார்பு ஏறி இறங்கியது. கை சூடாக இருந்தது. "தேறிட்டார்" என்று அம்மா எல்லோருக்கும் போன் செய்தாள். மூச்சு கொடுத்த இயந்திரத்தை நிறுத்தினார்கள். மார்பும் நின்றது.

மின்சுற்று வடிவமைப்பது என் தொழில். ஒருநாள் விளக்கினேன். "சார்ஜர் செருகியிருந்தா போன் அந்தக் கரண்டுலயே ஓடும்மா. மிச்சம்தான் பேட்டரிக்குப் போகும். பிடுங்கினதும் உள்ள ஒரு சுவிட்ச் பேட்டரிக்கு மாத்திவிடும்."

"பேட்டரி செத்திருந்தா?"

"செருகியிருக்கற வரைக்கும் தெரியாது."

"அதைத்தானே நானும் சொல்றேன்."

அவள் பிடுங்காத ஒன்று உண்டு. அப்பாவின் பட்டன் போன். எந்நேரமும் சார்ஜரில், அலமாரி மேல். அப்பா தவறுதலாகப் பதிந்துவிட்ட குரல் அதில் இருக்கிறது: "இந்த பட்டனா? ஏய், இங்க வந்து பாரு." அம்மா அதைக் கேட்பதில்லை. திரையில் மணி தெரிகிறதா என்று பார்த்துக்கொள்வாள், அவ்வளவுதான்.

போன வாரம் தூசி தட்டும்போது அது என் கையைச் சுட்டது. பின்மூடி ஓரம் கிளம்பியிருந்தது.

"பேட்டரி வீங்கிடுச்சும்மா. தீப்பிடிக்கும். மாத்தணும்."

"மாத்தினா குரல் போயிடும்."

"குரல் பேட்டரியில இல்ல. வேற சிப்புல இருக்கு. வேணும்னா முதல்ல காப்பி எடுத்துடறேன்."

"கம்ப்யூட்டர்ல போட்டு எதையாவது அழிச்சு வைப்பே." என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அந்த டாக்டரும் இப்படித்தான் நிதானமா பேசினார்."

மூடியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "தள்ளு" என்று அவளே பிடுங்கினாள். திரை அந்த நொடியே இருண்டது.

"எத்தனை நாளா இப்படி இருந்துச்சு?"

"தெரியலம்மா."

வீங்கியதை வெளியே மணல் வாளியில் வைத்துவிட்டு, புதியது வாங்கிவந்து போட்டேன். சார்ஜ் ஏறும்வரை அம்மா நாற்காலியை விட்டு எழவில்லை.

"மணி தப்பா காட்டுது."

"மணி மட்டும்தான் போகும். திருத்திக்கலாம்."

பதிவுகளின் பட்டியலைத் திறந்து காட்டினேன். இருந்தது. அப்போதும் அவள் நம்பியதாகத் தெரியவில்லை. இடது கையால் என் மணிக்கட்டை, நாடி பார்ப்பதுபோல், அழுத்திப் பிடித்தாள். வலது கையால் வயரைப் பிடுங்கினாள்.

திரை அணையவில்லை. அவள் என் கையை விடவும் இல்லை.