இரண்டாம் வாய்க்கால் கோஷ்டி

போன கிழமை மகளோடு கிளிநொச்சிச் சந்தைக்குப் போயிருந்தேன். அரிசிக் கடைக்காரர் மழையில் நனைந்த சாக்குகளை வாசலில் பரப்பிக் காயவிட்டிருந்தார். அந்த மணம் மூக்கில் ஏறியதும் ஐந்தாறு தும்மல். தூசு என்றாள் மகள். தூசுதான், ஆனால் அறுபதுகளின் தூசு என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? வயது போனால் எதைக் கண்டாலும் ஒரு கதை எழும்பி வருகிறது. உண்மையில் களைப்பாக இருக்கிறது.

ஸ்கந்தபுரத்துக்குக் கிட்ட, நெல் மூட்டைகள் அடுக்கிய ஒரு கொட்டிலில்தான் நாங்கள் பாட்டுப் பழகினோம். நாங்கள் என்றால் மூன்று பேர். நான் நீர்ப்பாசனக் கந்தோரில் புதிதாகச் சேர்ந்த கிளாக்கர். ஆர்மோனியம் கொஞ்சம் தெரியும். கொஞ்சம் என்பதை நீங்கள் அப்படியே நம்பலாம். காசிம் முல்லைத்தீவுப் பக்கத்து ஆள், உழவு மெசின் ஓட்டுபவன். குரல் என்றால் அவனுடையதுதான் குரல். மூன்றாவது ஆள் சீலன் அண்ணை.

சீலன் அண்ணையை அந்த நாளில் தெரியாதவர் இல்லை. கோட்டுப் போட்ட மாப்பிள்ளை ஒருவரைக் கேலி செய்யும் அவருடைய துள்ளலான பைலாப் பாட்டு வானொலியில் ஓயாமல் போகும். கல்யாண வீடு, சாமத்திய வீடு எங்கும் அதுதான். கொழும்பில் அவருக்கென்று பெரிய இசைக்குழு இருந்தது. படித்தவர்களுக்கு அரசாங்கம் வன்னியில் காணி கொடுத்த நேரம் அவரும் எழுதிப் போட்டு, எங்கள் இரண்டாம் வாய்க்கால் கரையில் ஒரு துண்டு எடுத்தார். மாதத்தில் பத்து நாள் இங்கே நிற்பார். வயல் செய்தார் என்று சொல்ல மாட்டேன், பார்த்துக்கொண்டிருந்தார். உழுததும் விதைத்ததும் காசிம்.

"அந்த மாப்பிள்ளைப் பாட்டைக் கேட்டாலே எனக்கு வயித்தைப் பிரட்டுது தம்பி" என்பார்.

இங்கே வந்த பிறகு அவர் ஐந்து பாட்டுக் கட்டினார். பெண்சாதியை யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு வந்து, கொட்டிலில் தனியே சோறு காய்ச்சுகிறவனின் பாட்டு ஒன்று. தண்ணீர் முறைக்கு வாய்க்கால் கரையில் காத்திருக்கிறவனின் பாட்டு இன்னொன்று. அதைப் பழகும்போது பாதியில் உண்மையாகவே எங்கள் முறை வந்துவிடும். காசிம் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். அந்தப் பாட்டை நாங்கள் முழுதாகப் பழகிய நாட்கள் குறைவு.

மேடை ஏறுவதற்கு அண்ணை ஒரு நிபந்தனை வைத்தார். "நான் ஆரெண்டு சனத்துக்குத் தெரியக் கூடாது. காசிம் பாடட்டும். நான் பின்னுக்கிருந்து மண்டலின் வாசிக்கிறன். என்ரை பேரில்லாமல் இந்தப் பாட்டுகள் நிக்குதோ விழுதோ, அதை ஒருக்காப் பாக்கோணும்."

முதல் மேடை உடையார்கட்டில், பொங்கலுக்கு அடுத்த நாள் பின்னேரம், மாட்டுவண்டிச் சவாரி முடிந்த கையோடு. இதில்தான் எங்கள் கணக்குப் பிழைத்தது. சவாரி முடிந்தால் மாடுகளைக் குளத்துக்குக் கொண்டுபோய்க் குளிப்பாட்ட வேண்டும். வென்ற மாட்டுக்குப் பின்னால் ஊரே போகும். நாங்கள் ஆர்மோனியத்தைத் திறக்கும்போது திடலில் நாற்பது பேர் இருந்திருப்பார்கள்.

"காணும் தம்பி, நாப்பது பேர் காணும்" என்று சொல்லிவிட்டு, தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு அண்ணை மேடைக்குப் பின்னால் சுருதி சேர்க்கப் போனார்.

எனக்குத்தான் நாற்பது பேர் போதவில்லை. என் பைக்குள் அந்த மாப்பிள்ளைப் பாட்டின் இசைத்தட்டு இருந்தது, அண்ணையிடம் கையெழுத்து வாங்கச் சொல்லித் தங்கச்சி தந்துவிட்டிருந்தாள். அதை எடுத்துப்போய் ஒலிபெருக்கிக்காரரிடம் கொடுத்தேன். "ஒருக்காப் போடுங்கோ, சனம் திரும்பி வரும்."

வந்தது. நனைந்த மாடுகளோடும் வந்தது. காசிம் தண்ணீர்ப் பாட்டைத் தொடங்கினான். அவன் அவ்வளவு நன்றாகப் பாடியதை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. இரண்டாம் அடிக்குப் போகவில்லை, ஒருவன் கத்தினான்: "டேய், அந்த ரெக்கோட்டைப் போடு!" பிறகு எல்லாரும் கத்தினார்கள். கூ அடித்தார்கள். காசிம் பாட்டை நிறுத்தினான். மண்டலினோடு இருந்த மனிதர் யாரென்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அண்ணை எழும்பினார். துவாயை அவிழ்த்துக் காசிமின் தோளில் போட்டு, அவனை என் பக்கத்தில் இருத்தினார். முன்னுக்கு வந்து அந்த மாப்பிள்ளைப் பாட்டைப் பாடினார். மூன்று தரம் பாடவைத்தார்கள். சிரித்துக்கொண்டே பாடினார். எனக்கு ஆர்மோனியத்தில் கை ஓடவில்லை, வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்தேன்.

மாதம் முடியுமுன் காணியைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு அவர் கொழும்புக்குப் போய்விட்டார். பாட்டுக் கொப்பியைக் காசிமிடம் விட்டுப்போனார். தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம் சனத்தை ஊரை விட்டுப் போகச் சொன்ன நாளில், காசிம் அதை எடுக்க மறந்து போனான். அவன் புத்தளத்தில் காலமானான். கொப்பி கிடந்த அந்த வீடும் இப்போது இல்லை.

அண்ணையைக் கடைசியாகக் கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரியில் கண்டேன். மெலிந்திருந்தார். "அந்த ஸ்பீக்கர்காரன் மட்டும் ரெக்கோட்டைப் போடாமல் இருந்திருந்தால், நாப்பது பேரும் இருந்து கேட்டிருப்பினமோ?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை, கேட்டிருப்பினம்" என்றேன். ரெக்கோட்டைக் கொடுத்தது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. அடுத்த கிழமை சொல்லலாம் என்று பஸ் ஏறினேன். அடுத்த கிழமை அவர் இல்லை.