நான் வெட்டிப் பார்த்த சைலன்சர்கள்

இதுவரை நான்கு சைலன்சர்களை வெட்டித் திறந்து பார்த்திருக்கிறேன். பள்ளிச் சட்டை தைத்துக் கொடுக்கிற ஒரு பெண்ணுக்கு இது தேவையில்லாத வேலை என்று நறுவிலிக்குளத்தில் பலர் சொன்னார்கள். சொல்லட்டும். ஒரு பொருள் ஏன் கெட்டுப்போனது என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. சட்டை கிழிந்து வந்தால், தையல் விட்டதா துணி விட்டதா என்று பார்க்காமல் நான் ஊசியைத் தொட்டதில்லை.

கார் என் கணவருடையது. இங்கிலாந்தில் செய்த பழைய கார்; என்னைக் கலியாணம் செய்வதற்கு முன்பே அவரிடம் இருந்தது. அதை வாடகைக்கு ஓட்டித்தான் பிழைத்தோம். சண்டைக் காலத்தில் பஸ் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. எங்கள் பக்கத்தில் யாருக்காவது பிரசவ வலி வந்தாலும், பாம்பு கடித்தாலும் மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போக அந்தக் கார்தான் வரவேண்டும். மன்னார்த் தீவுக்குப் போகிற பாலத்துக்கு இந்தப் பக்கம் ஆமியின் காவல் சென்றி ஒன்று இருந்தது. மண்மூட்டை, தார்ப் பீப்பா, குறுக்கே ஒரு தடி. அந்தத் தடியைத் தாண்டிப் போன மனிதன் அதைத் தாண்டித் திரும்பி வரும்வரை என் தையல் மெசின் சரியாக ஓடாது. நூல் அறும், அளவு பிழைக்கும்.

காரோடு வந்த சைலன்சர் எத்தனை வருசம் உழைத்தது என்று அவருக்கே தெரியாது. அது ஒருநாள் வங்காலை றோட்டில் கழன்று விழுந்தபோது, இழவு வீட்டுக்காரர் மாதிரி அதைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தார். மன்னாரில் உதிரிப்பாகக் கடையில் புதிதாக ஒன்று வாங்கிப் பூட்டினார். கறுப்புப் பெயின்ற் பளபளவென்று இருந்தது. ஒரு வருசம்கூடத் தாங்கவில்லை. இரண்டாவது ஆறு மாதம். மூன்றாவது, மாரி மழை தொடங்க முதலே ஓட்டை விழுந்தது.

மூன்றாவதில் ஓட்டை விழுந்த இடம் பொல்லாத இடம். எஞ்சினிலிருந்து வருகிற குழாய் சைலன்சருக்குள் நுழைகிற மூட்டு. அந்த நாட்களில் பெற்றோல் கிடைக்காது. மண்ணெண்ணெயில்தான் கார் ஓடியது. எரியாத எண்ணெய்ப் புகை அந்த மூட்டில் காற்றோடு கலந்தால் வெடிக்கும். வேறெங்கும் வெடிக்காமல், சரியாகச் சென்றியடியில், அவர் வேகத்தைக் குறைத்த நேரம் பார்த்து வெடித்தது. டமார் என்று ஒரு சத்தம். ஆமிக்காரர் எல்லோரும் மண்மூட்டைக்குப் பின்னால் விழுந்து துவக்கை நீட்டினார்கள். இவர் கைகளை உயர்த்திக்கொண்டு இறங்கி, றோட்டில் முழங்காலில் இருந்தார். நெடுநேரம் கழித்துத்தான் எழும்பச் சொன்னார்களாம். இதைத் திருத்திக்கொண்டு வா, இல்லாவிட்டால் வராதே என்று அவர்களின் பெரியவர் சொல்லி அனுப்பினார்.

அன்று அவர் சாப்பிடவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஆமி மேல் ஆத்திரப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்தச் சைலன்சரைச் செய்தவன் யாரோ, அவன் என் கையில் கிடைத்திருந்தால் அளவெடுத்து வெட்டியிருப்பேன்.

ஆள் கிடைக்கவில்லை, அவன் செய்த பொருள் கிடைத்தது. காரிலிருந்து கழற்றியதோடு, கோழிக்கூட்டுக்குப் பின்னால் எறிந்திருந்த பழைய சைலன்சர்களையும் பொறுக்கி வந்து, தகரம் வெட்டுகிற கத்தரியை இரவல் வாங்கி, முற்றத்தில் இருந்து நான்கையும் வெட்டினேன். இதற்குள் என்னதான் இருக்கும் என்பது எனக்கு நெடுநாளாக இருந்த கேள்வி. காரோடு வந்த முதலாவதை வெட்ட உள்ளங்கை கொப்பளித்தது. உள்ளே மூன்று அறைகள். அறைக்கு அறை தடித்த தகட்டுச் சுவர், அதில் துளையிட்ட குழாய்கள். புகை நேராக ஓடமுடியாது; போய், திரும்பி, மறுபடி போய், களைத்துத்தான் வெளியே வரவேண்டும். சத்தம் அடங்குவது அதனால்தான் என்று புரிந்தபோது, கொப்பளத்தையும் மறந்து சிரித்தேன். நல்ல தையல்காரன் உள்பக்கத் தையலையும் ஒழுங்காகத்தான் தைப்பான். இதைச் செய்தவன் அந்தச் சாதி.

கடையில் முதலில் வாங்கியதில் இரண்டு அறை. அடுத்ததில் ஒரே ஒரு சுவர், அதுவும் விளிம்பில் ஒட்டாமல் ஆடியது. கடைசியாக வாங்கியதைத் துணி வெட்டுகிற கத்தரிக்கோலாலேயே வெட்டியிருக்கலாம். உள்ளே இருந்த சுவரைத் துடைத்துப் பார்த்தேன். கரிக்குக் கீழே சிவப்பு நிறத்தில் ஒரு றோசாப்பூ, பக்கத்தில் பாதி பிஸ்கற். பிஸ்கற் டின்னை வெட்டி உள்ளே வைத்திருக்கிறான்! என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, மற்றப் பாதி பிஸ்கற் அடுத்ததுக்குள்ள இருக்கும்" என்றார். சென்றியில் முழங்காலில் இருந்த மனிதன் அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சிரித்தார்.

கடைக்காரர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். உப்புக் காற்று, மண்ணெண்ணெய் என்பார். அது உண்மையாகவும் இருக்கலாமே என்று ஒரு சந்தேகம் எனக்கும் இருந்தது. ஆகவே நான்கிலும் உள்ளங்கை அளவு துண்டு ஒவ்வொன்று வெட்டி, ஒரே வாளியில் கடல் தண்ணீரும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் விட்டுப் போட்டு, கிணற்றுக் கட்டில் வைத்தேன். தினமும் காலையில் எடுத்துப் பார்ப்பேன். பத்து நாளில் கடைசித் துண்டுக்குள் என் விரல் போய் வந்தது. முதல் துண்டு சிவந்திருந்தது, அவ்வளவுதான். உப்பும் ஒன்று, எண்ணெயும் ஒன்று, நாளும் ஒன்று. தகடுதான் வேறு.

துண்டுகளைத் துணியில் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் மேசையில் அவற்றை வரிசையாக வைத்தேன்.

"என்ன தங்கச்சி இது?"

"நீங்கள் வித்த சாமான், அண்ணை. இந்தப் பூவைத் தெரியுதோ?"

அவர் றோசாப்பூவைப் பார்த்தார். சிரிப்பை அடக்கினார் என்று நினைக்கிறேன். "நான் என்ன செய்யிறது? கொழும்பில இருந்து வாறதைத்தானே விக்கிறன். முந்தி வந்த சாமான் இப்ப வாறேல்ல. பாதையும் இல்லை. வந்ததுக்குள்ள என்ன கிடக்கெண்டு நான் வெட்டியே பாக்கிறது?"

"வெட்டிப் பாத்திருந்தா என்ர மனுசன் றோட்டில முழங்காலில இருந்திருக்க மாட்டார்."

கடைக்காரர் கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னார். பிறகு மெதுவாக, "கடைச் சாமானை விடுங்கோ. லொறியில வந்த பழைய சைலன்சர் ஒண்டு தேடிப் பிடிச்சு வெட்டிச் சின்னனாக்கினா, உங்கட காருக்கு அது தாராளமாக் காணும்" என்றார். சொந்தக் கடையில் இருந்துகொண்டு கடைச் சாமானை வாங்காதே என்று சொன்ன மனிதரை நான் என்னென்று ஏசுவது?

பழுதாகிக் கிடந்த ஒரு நெல் லொறியின் சைலன்சர் கிடைத்தது. வெல்டிங் செய்கிறவரிடம் கொண்டுபோனோம். நான் பழுப்புத் தாளில் அளவு வரைந்து வைத்திருந்தேன்: எங்கே வெட்டுவது, எந்த அறைக்குப் பிறகு எந்தக் குழாய், எவ்வளவு மடிப்பு விடுவது. அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அக்கா, இது சட்டைக்கோ காருக்கோ?" என்றார். ஆனால் வரைந்தபடியே செய்தார்.

பூட்டி, ஸ்ரார்ட் செய்தபோது நான் காருக்குப் பின்னால் நின்றேன். ஸ்ரார்ட் ஆகவில்லை என்று நினைத்தேன். கையை வைத்துப் பார்த்தால் சூடான காற்று வருகிறது. மாதாவே, எனக்கு வந்த பெருமை! ஊரைக் கூட்டிக் காட்டவேண்டும் போல இருந்தது. கார் வந்து படலையடியில் நின்ற பிறகுதான் நாய் குரைத்தது. இனி அந்த மனிதன் பயமில்லாமல் போய் வருவார் என்று நினைத்தேன். அன்று பின்னேரம் மூன்று சட்டை தைத்தேன், ஒரு நூலும் அறவில்லை.

மார்கழியில் ஒரு விடியற்காலை, வலி கண்ட பெண் ஒருத்தியையும் அவளுடைய தாயையும் ஏற்றிக்கொண்டு போனார். வெளியே பனிமூட்டம், பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. மதியம் திரும்பி வந்து, காரைவிட்டு இறங்காமல் ஸ்ரியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். நான் கிட்டப் போனேன். காரின் கூரையோரத்தில், அவர் தலைக்கு நேர் மேலே, தகடு நீளமாகக் கிழிந்திருந்தது. என் சுட்டுவிரல் அதற்குள் முழுதாகப் போனது.

"அந்தப் பிள்ளைக்கு என்ன?" என்றேன்.

"ஒண்டுமில்லை. ஆஸ்பத்திரியில விட்டிட்டன். ஆம்பிளைப் பிள்ளை."

பிறகு விட்டு விட்டுச் சொன்னார். வழக்கம்போல மெதுவாகத்தான் போயிருக்கிறார். தடிக்குப் பக்கத்தில் நின்ற ஆமிக்காரன் அந்தப் பக்கம் திரும்பி முகம் கழுவிக்கொண்டிருந்தானாம். நிமிர்ந்து பார்த்தால் பனிக்குள்ளிருந்து ஒரு கார் அவன் முதுகடியில் வந்து நிற்கிறது. துவக்கை எடுத்தான், வெடித்தது. பின் சீற்றில் இரண்டு பெண்களும் கத்திய கத்தலில்தான் அவனுக்கு ஆளே தெரிந்ததாம். கிட்ட ஓடி வந்து, இவருடைய தோளைப் பிடித்து உலுக்கி, கொச்சைத் தமிழில் கேட்டானாம்: "சத்தம் எங்க? ஏன் சத்தம் இல்ல?"

"என்ன சத்தம்?" என்றேன்.

"என்ர காரின்ர சத்தம்தான். அவங்களுக்கு என்னைப் பேரால தெரியாது, சத்தத்தாலதான் தெரியும். டடா டடா மாத்தயா எண்டு சிங்களத்தில எனக்குப் பட்டப்பேர். தூரத்தில கேக்கேக்கையே தடியை உயர்த்திப் போடுவாங்கள்."

"இதை ஏனப்பா எனக்குச் சொல்லேல்ல?"

"சொல்லுறதுக்கு அதில என்ன கிடக்கெண்டு நினைச்சன்."

வெடிக்கிற சத்தத்தை மட்டும் எடுத்திருக்கவேண்டும். நானோ நான்கு சைலன்சரையும் வெட்டி, வாளியில் ஊறப்போட்டு, தாளில் வரைந்து, எல்லாச் சத்தத்தையும் எடுத்துவிட்டேன். கடைக்காரன் விற்ற பிஸ்கற் டின்தான் இத்தனை நாளும் என் கணவரைத் தடி தாண்ட விட்டிருக்கிறது. என் நல்ல வேலை அவரைக் கொல்லப் பார்த்தது. அவர் முன்னால் விம்மி விம்மி அழுதேன். "நீர் பிழை செய்யேல்ல" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் அப்படிச் சொல்லச் சொல்ல அழுகை கூடியது.

அழுது முடித்துச் சுத்தியலும் மூன்றங்குல ஆணியும் எடுத்து வந்தேன். பாயை விரித்துக் காருக்குக் கீழே படுத்தேன். மூட்டில் ஓட்டை விழுந்தால் வெடிக்கும். நடு அறையில் விழுந்தால் இரைச்சல் மட்டும் வரும். வெட்டிப் பார்த்தவளுக்கு அது தெரியும். மன்னார்க் கரையில் அப்போது இருந்த ஒரே நல்ல சைலன்சர் அதுவாகத்தான் இருந்திருக்கும். முதல் அடியில் ஆணி வளைந்தது. வேறு ஆணி கேட்டேன். ஐந்தாவது அடியில் உள்ளே போனது. நான்கு ஓட்டை போட்டுவிட்டு, ஸ்ரார்ட் செய்யச் சொன்னேன்.

டடா டடா என்றது. கோழிகள் சிதறி ஓடின.

"சென்றிக்குக் கேக்குமோ?" என்று கீழே கிடந்தபடியே கத்தினேன்.

"கேக்கும்."

"பனிக்குள்ளயும்?"

"கேக்கும், எழும்பி வாரும்."

எழும்பவில்லை. எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு, இன்னும் இரண்டு ஓட்டை அடித்தேன்.