ஐந்தாவது துப்பு

சாப்பிடும்போது தையல்காரர் இடது கையால் தட்டைச் சுற்றி அணை கட்டிக்கொள்வார். பறித்துக்கொண்டு ஓட அந்தக் கடையில் யாரும் இல்லை. மூன்றே நிமிடத்தில் தட்டு காலி. கழுவித் துடைத்துக் கவிழ்த்த பிறகுதான் ஏப்பம். வெளியே கிளம்பினால் வாசலில் ஒரு கணம் நிற்பார், யாராவது போகச் சொல்ல வேண்டும் என்பதுபோல.

பக்கத்துக் கடை என்னுடைய வாடகை நூலகம். பதினோரு வருடமாக என் சட்டைகள் அவர் கையில்தான். காலர் பிரமாதமாக இருக்கும். சொன்ன தேதியில் மட்டும் கிடைக்காது. "நாளைக்கு வாங்க சார்" என்பதை எந்த நாளிலும் கூசாமல் சொல்வார். தையல் எங்கே கற்றீர்கள் என்றால், "ஒரு இடத்துல" என்பார்.

அந்த இடம் சிறை. மழை பெய்து இரண்டு கடையும் ஈயோட்டிய ஒரு மதியம் என்னிடம் சொன்னார். இளவயதில் ஆத்திரத்தில் ஒருவனைக் கம்பியால் அடித்திருக்கிறார். அவனுக்குக் கால் போய்விட்டது, இவருக்கு நான்கு வருடம். "தப்பு முழுக்க என்னோடது சார்." மகளுக்குத் தெரியும். பேத்திக்குத் தெரியவே கூடாது என்பது மகளின் உத்தரவு.

காரியத்தைக் கெடுத்தவன் நான். பள்ளி விட்டதும் கடைக்கு வரும் அந்தப் பத்து வயதுப் பேத்திக்கு ஒரு சிறுவர் மர்ம நாவலைக் கொடுத்தேன். தாத்தா மறைத்து வைத்த பழங்கதையை ஒரு சிறுமி துப்பறியும் கதை. மறுநாளே இவளும் தன் தாத்தாவைத் துப்பறிய ஒரு நோட்டுப் போட்டுவிட்டாள்.

தையல்காரர் என்னிடம் வந்தார். "சார், அந்தக் கதையில கடைசியா என்ன ஆகுது?"

"பேத்தி எல்லாத்தையும் கண்டுபிடிச்சிடுறா."

"அது சரி. அதுக்கப்புறம் தாத்தாகூடப் பேசுறாளா?"

"பேசுறா."

"கதைதானே," என்று போய்விட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை.

நேற்று மாலை சட்டை வாங்கப் போனேன். தையல் மிஷின் மேல் அந்த நோட்டு திறந்து கிடந்தது. துப்பு ஒன்று: தட்டை மறைத்துக்கொண்டு சாப்பிடுகிறார். இரண்டு: வாசலில் நிற்கிறார். மூன்று: பழைய போட்டோ ஒன்றுகூட இல்லை. நான்கு: தாத்தாவைப் பற்றிக் கேட்டால் அம்மா பேச்சை மாற்றுகிறாள்.

"போலீஸ்கூட என்னை இவ்வளவு கவனிக்கல சார்," என்றார். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பள்ளி விடும் நேரம். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார்.

"உங்க பொண்ணு திட்டுவாங்களே?" என்றேன்.

"திட்டட்டும்."

அளவு குறிக்கும் அதே நிதானத்தோடு, நான்குக்குக் கீழே ஐந்து என்று போட்டு எழுதினார்: 'தாத்தா தையல் கத்துக்கிட்டது எங்கே? கேட்டால் சொல்வார்.'