அப்ஹாவுக்கு ஜாக்கெட் எதற்கு

இதை எழுதாமலே விட்டிருப்பேன். மொன்றியல் ஜான்-டலோன் சந்தையில் பத்து மணிநேரம் தக்காளிப் பெட்டி தூக்கிவிட்டு வந்தவனுக்கு எழுத எங்கே தெம்பு, அதோடு பேயைக் கண்டேன் என்று சொன்ன எல்லாரையும் நக்கலடித்தே வளர்ந்தவன் நான், என்னை யார் நம்பப்போகிறார்கள். நம்பாவிட்டால் போங்கள், சொல்லிவிட்டுப் படுக்கிறேன்.

அண்ணை சவூதியில், அப்ஹா என்கிற மலைநகரத்தில் வாகனம் ஓட்டுகிறார். ஆறு வருடமாக நான் காணாத மனிதர். போன பங்குனியில் அவரைப் பார்க்கப் புறப்பட்டபோது போனில், "தம்பி, இஞ்ச குளிரும், ஜாக்கெட்டைக் கொண்டு வா" என்றார்.

"மொன்றியல்காரனுக்கு அரபு நாட்டில குளிரோ? ஆருக்குக் கதை விடுறியள்?"

சிரித்துவிட்டு, என் சிவப்பு ஜாக்கெட்டை மொன்றியலில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இருக்கும் என் அறையின் கதவுக் கொளுவியிலேயே விட்டுவிட்டுப் போனேன். இடது கை கிழிந்து, நானே வெள்ளி நிற டேப் சுற்றிய ஜாக்கெட்.

அங்கே மூன்றாம் நாள் பின்னேரம், அண்ணையின் காரில் மலையிலிருந்து இறங்கும்போது மழையும் மூடுபனியும் சேர்ந்து றோட்டை விழுங்கிவிட்டன. பின்னால் வருகிற லொறி இடித்துவிடும் என்று நிற்கவும் பயம். நான் இறங்கி முன்னால் நடப்பது, என் போன் வெளிச்சத்தைப் பார்த்து அண்ணை காரை ஊர்ந்து கொண்டுவருவது என்று முடிவு. நான் ஓரடி பிழையாக வைத்தால் அண்ணையும் காரோடு பள்ளத்தில். டீசேர்ட்டோடு நடுங்கி நடுங்கி நடக்கிறேன், நக்கலெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

எனக்கு முன்னால் ஒருவன் நடந்துகொண்டிருந்தான். சிவப்பு ஜாக்கெட். ஆரோ பாவம், வழி தெரிந்தவனாக்கும் என்று பின்னாலேயே போனேன். சட்டென்று நின்று, திரும்பாமலே இடது கையை உயர்த்தினான். கையில் வெள்ளி டேப்.

நான் ஓடிவந்து கார் பொனற்றில் அடித்தேன்.

"என்னடா?"

"அசையாதேங்கோ அண்ணை."

பனி கொஞ்சம் விலகியபோது பார்த்தால், அவன் நின்ற இடத்துக்கு அடுத்த அடியில் றோட்டே இல்லை, மழையில் இடிந்து விழுந்திருந்தது. ஆளும் இல்லை. அண்ணை யாரையும் காணவில்லையாம். "குளிரில உனக்கு மண்டை கலங்கிட்டுது" என்று தன் சுவெற்றரைக் கழற்றித் தந்தார்.

இந்த மார்கழிக் குளிரிலும் அந்த ஜாக்கெட்டை நான் தொடவில்லை. ஏனென்றால் அன்று காரிலிருந்தே என் அறைத்தோழன் ரஜீவனுக்கு, "என்ர ஜாக்கெட் கொளுவியில கிடக்கோ, பாத்துச் சொல்லு" என்று அனுப்பினேன். வழக்கமான பகிடி என்றுதான் அவன் நினைத்திருப்பான், என்றாலும் பார்த்துவிட்டு எழுதினான்:

"ஓமடா, கிடக்கு, ஆனா நீ போய் நாலு நாளாகியும் இதில ஏன் தண்ணி சொட்டுது?"