கடைசிக் குளியல் வகுப்பு

நர்ஸிங் கல்லூரியில் மற்றவர்கள் பாடத்தில் நோயாளி பிழைத்துக்கொள்வார். என் பாடம் அவர் இறந்த பிறகுதான் தொடங்கும். கூச்ச சுபாவமுள்ள சக ஆசிரியைகளே, நாற்பது பேர் முன்னால் நின்று அதைச் சொல்லித்தர நான் பட்ட பாடு உங்களுக்குப் புரியும். உடலைத் துடைப்பது, கண்ணை மூடுவது, தாடையைக் கட்டுவது, மரியாதையாக வீட்டாரிடம் ஒப்படைப்பது என எல்லாவற்றையும் செய்முறையாகவே நடத்த ஆசைப்பட்டேன். பிரின்சிபால் ஒரு பேட்சுக்கு மட்டும் அனுமதித்தார். "ஒரு பொண்ணு பயந்து அழுதாலும் அடுத்த வருஷம் வெறும் லெக்சர்தான்."

யார் படுப்பது?

பயிற்சி பொம்மை ரிப்பேர். பிணமாகப் படுக்க ஒருத்தியும் முன்வரவில்லை. "நக்கோ மேடம், வேண்டவே வேண்டாம், எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவாங்க" என்றாள் போலாரத்திலிருந்து வரும் ஷபானா. நானே படுத்தேன். கண்ணை மூடியதும் என்ன நிம்மதி! யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். தாடையைக் கட்டும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டிக்கொண்டிருந்த கல்பனா அதட்டினாள்: "மேடம், செத்தவங்க அசையக் கூடாது. ப்ளீஸ், கோஆபரேட் பண்ணுங்க!"

உங்கள் வீட்டில் எப்படி?

வீட்டாரைக் கேட்காமல் எதையும் செய்யக் கூடாது என்பது அடுத்த பாடம். அவரவர் வீட்டு வழக்கத்தைச் சொல்லச் சொன்னேன். "எங்க வீட்ல சொந்தக்காரங்கதான் குளிப்பாட்டுவாங்க, நர்ஸ் கேட்டுட்டுத்தான் தொடணும்" என்றாள் ஷபானா. தெலுங்கு ஊரான குகட்பள்ளியிலேயே வளர்ந்த தமிழ்ப் பெண் கல்பனாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. வகுப்பிலிருந்தே கச்சிபௌலி ஆபீசில் இருந்த அப்பாவுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டாள். "அப்பா, நம்ம வீட்ல யாராவது செத்தா தலையை எந்தப் பக்கம் வைப்பாங்க?" "யாருக்கு என்னாச்சு?" என்று அவர் கத்தினார். பிரின்சிபாலிடம் புகார் நிச்சயம் என்று எண்ணிக்கொண்டேன். பாடம்தான் என்று விளக்கியதும் அவர் மெதுவாகச் சொன்னார்: "எனக்கும் தெரியலம்மா. கத்துக்கிட்டு வந்து சொல்லு."

வார்டில்

அந்த வாரமே வார்டில் ஒரு பெரியவர் இறந்தார். ஷபானாவும் கல்பனாவும் போனார்கள். நானும் பிரின்சிபாலும் வாசலில் நின்றோம். முதலில் அவருடைய மகளிடம் அனுமதி கேட்டார்கள். "தாத்தா, இப்ப இந்தப் பக்கம் திருப்பறோம்" என்று அவரிடம் சொல்லிச் சொல்லித் துடைத்தார்கள். ஒருத்தியும் அழவில்லை. நான் கைதட்டாத குறை! எல்லாம் முடிந்தபின் கல்பனா, நோயாளி விழாமலிருக்கக் கட்டிலில் உள்ள பக்கக் கம்பியை, பழக்கதோஷத்தில் தூக்கி மாட்டினாள். போச்சு என்று நினைத்தேன். மகள் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெலுங்கில் கேட்டார்: "அப்பா தூக்கத்துல புரண்டு விழுவார்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?"

திரும்பும் வழியிலேயே பிரின்சிபால் செய்முறை வகுப்பை நிரந்தரமாக்கிவிட்டார். ஆனால் சாவே ஆனாலும் டைம்டேபிளில் புதிதாக வந்தால் கிடைப்பது சனிக்கிழமை கடைசி பீரியட்தான்.