நாலு கம்பியும் ஈர மண்ணும்

எங்கள் வீட்டில் பேஸ் கிடாரின் ஓசை காதுக்கு வருவதற்கு முன்னால் தண்ணீருக்கு வந்துவிடும். சமையல்கட்டில் குடம் நிறைய வைத்திருக்கும் தண்ணீரின் மேல் வட்டம் வட்டமாக ஒரு நடுக்கம் ஓடும். அடுத்து அலமாரித் தட்டுகள் ஒன்றையொன்று மெல்ல உரசும். உள்ளறையில் மகள் வாசிக்க உட்கார்ந்துவிட்டாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரியும். கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிடுவேன். பாட்டு என்று சொல்லும்படி ஒன்றும் கேட்காது. தூரத்தில் ஏரி மதகைத் திறந்துவிட்டால் தரைக்கடியில் ஒரு முழக்கம் வருமே, அதுபோல உள்ளங்காலில் ஏறும்.

அது என் தம்பியின் கிடார். மெட்ராஸில் ரயில்வே வேலையில் இருந்தபோது தேவாலயப் பாடகர் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தான். வளைகுடாவுக்குப் போகும்போது கிடாரையும், ஸ்பீக்கரோடு சேர்ந்த, டிரங்குப் பெட்டி அளவுள்ள ஆம்ப்ளிஃபயரையும் உத்திரமேரூர் பஸ்ஸின் கூரையில் ஏற்றிக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் இறக்கினான். "அக்கா, கதவுக்கு முட்டு குடுக்கறதுக்கு மட்டும் இத்த எடுத்துடாத" என்றான். நான் எடுக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டில் இருந்த என் மகள் எடுத்தாள். எங்கள் ஊர் ஆலயத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்மோனியத்துக்குப் பின்னால் நின்று வாசிக்க ஆரம்பித்தாள்.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் பக்கத்து வீட்டுக்காரம்மா என்னைப் பிடித்துக்கொள்வார்.

"இன்னா டீச்சரம்மா, எல்லா கிடார்லயும் ஆறு கம்பி கீது. உம் பொண்ணுதுல நாலுதான் கீது. மிச்சம் ரெண்டு துணி காயப் போடப் போயிடுச்சா?"

"அது அப்படித்தாங்க. இது பேஸ்."

"பேஸோ பேஜாரோ, வூட்ல இருக்கற சாமான் எல்லாம் ஆடுது. எங்க வூட்டு மாடு வேற அத்தக் கேட்டுக்கினு படுத்தேதான் கீது, எழுந்திருக்க மாட்டேங்குது."

அந்த மாடு நிஜமாகவே படுத்திருக்கும். கண்ணை மூடி, அசைபோடுவதையும் நிறுத்திவிட்டு.

கம்பிகள் பழசாகிவிட்டால் ஓசை மழுங்கிப்போகும். புதுக் கம்பிக்கு மெட்ராஸ்தான் போகவேண்டும். அதனால் மாதம் ஒரு முறை மகள் நாலையும் கழற்றி, பழைய பால் பாத்திரத்தில் சலவை சோடா போட்டுக் கொதிக்கவைப்பாள். விரலின் வியர்வையும் அழுக்கும் கம்பியின் சுற்றுகளுக்குள் புகுந்திருக்கும். வெந்நீரில் அது சாம்பல் நிறமாகப் பிரிந்து மேலே வரும். வீடெங்கும் மழையில் நனைந்த இரும்பு வாசனை. செங்கல்பட்டில் வேலை பார்த்த என் கணவர் சனிக்கிழமை வந்து எட்டிப் பார்ப்பார்.

"நாஷ்டாவுக்கு இன்னா, சேமியாவா?"

"ஆமாப்பா. உங்களுக்குத் தடியான சேமியா, அம்மாவுக்கு மெலிசு."

அலசி, துடைத்து, கொடியில் தொங்கவிட்ட கம்பிகள் காற்றுக்குச் சுருண்டு சுருண்டு ஆடும். அவற்றைத் திரும்ப மாட்டி, முறுக்கி, முதல் தடவை தட்டும்போது மணி அடித்ததுபோல இருக்கும். அந்த ஒரு ஓசைக்காக நான் பள்ளிக்கூடத்திலிருந்து சீக்கிரம் வந்த நாட்கள் உண்டு.

கோடையில் கிடாரின் கழுத்து வளையும். அதற்குள் ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறதாம். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, துப்பாக்கி குறிபார்ப்பதுபோல அதன் நீளத்தைப் பார்ப்பாள். வளைந்த சாவி ஒன்றை நுழைத்து அரைக்கால் சுற்று திருப்புவாள். பிறகு ஒரு நாள் முழுக்கத் தொடமாட்டாள். "மரத்துக்கு மெதுவாத்தான்மா புரியும்" என்பாள். ஆம்ப்ளிஃபயரையும் கிடாரையும் இணைக்கும் ஒயர் அடிக்கடி முனையில் அறுந்துவிடும். ரேடியோ ரிப்பேர் கடையில் அறுந்த இடத்தை நறுக்கிவிட்டு மறுபடி பற்றவைத்துக் கொடுப்பார்கள். வந்த புதிதில் உள்ளறையிலிருந்து வாசல் வரை எட்டிய ஒயர், நறுக்கி நறுக்கிக் கட்டில் தாண்டாத அளவுக்குக் குட்டையாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் உத்திரமேரூரில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசித்த பையனுக்குக் கல்பாக்கத்தில் வேலை கிடைத்தது. குழுவின் தலைவர் வீட்டுக்கு வந்தார். முப்பது வயதிருக்கும், ஆர்கன் வாசிப்பவர்.

"டீச்சர், தங்கச்சிய அனுப்புங்க. கல்யாணம், ஊர்த் திருவிழா, அவ்ளோதான். ஒம்பது மணிக்குள்ள வூட்ல வந்து உட்டுடறேன்."

"அனுப்பறேன். நானும் வருவேன்."

"நீங்க இன்னா வாசிப்பீங்க?"

"நான் பெட்டி பக்கத்துல உக்காந்துக்கினு இருப்பேன்."

அப்படியே உட்கார்ந்தேன். எங்கே கச்சேரி என்றாலும் அவளுடைய ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு முதுகைப் பெட்டியில் சாய்த்துக்கொள்வேன். பாடுகிறவர்களின் குரல் கூட்டத்தின் பக்கம் போய்விடும். எனக்கு வருவது அவளுடைய நாலு கம்பி மட்டும்தான், அதுவும் முதுகெலும்பு வழியாக. பழையசீவரத்தில் ஒரு மாலை, மலைமேல் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருக்க, பாலாற்று மணல் காற்றில் வந்து முகத்தில் படிய, நான் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கியிருக்கிறேன். அவள் என் வயிற்றில் இருந்தபோது என் இதயத் துடிப்பு அவளுக்கு இப்படித்தான் கேட்டிருக்கும் என்று அந்தத் தூக்கத்தில் தோன்றியது.

இனி வருவதை எழுத உட்காரும்போதெல்லாம் பேனாவை மூடிவைத்துவிடுகிறேன். முதலில் எங்கள் பக்கத்துக் கரண்ட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். கோடையில் அது பலவீனமாகிவிடும். கரண்ட் ஒரு கம்பியில் வந்து இன்னொரு கம்பியில் திரும்பிப் போகவேண்டும். திரும்புகிற கம்பி சரியில்லை என்றால் எங்கள் ஊர்களில் யாரும் காத்திருப்பதில்லை. கொல்லையில் ஓர் இரும்புக் குழாயை அடித்து இறக்கி, ஒயரை அதில் சுற்றிவிடுவார்கள். வந்த கரண்ட் மண் வழியாகத் திரும்பிப் போகும். மண் காய்ந்தால் பல்பு மங்கும். ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் பளிச்சென்று எரியும். "எர்த்துக்குத் தண்ணி காட்டுனியா?" என்று, மாட்டுக்குக் கேட்பதைப் போலவே கேட்டுக்கொள்வோம். பாத்திரம் கழுவிய தண்ணீரை நானும் எத்தனையோ மாலைகளில் அந்தக் குழாயடியில் ஊற்றிவிட்டு, பல்பு தெளிவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

காவாந்தண்டலத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு மாலை. நெல்லடிக்கும் களத்தில் மண்தரைமேல் தார்ப்பாய் விரித்ததுதான் மேடை. மைக் பேட்டரியில் ஓடியது. ஆர்கனும் மகளுடைய பெட்டியும் கம்பத்துக் கரண்ட்டில். வெளிச்சம் மங்கலாக இருந்ததால் சவுண்ட் செட்காரர் வழக்கம்போலக் குழாய் அடித்து, ஈரச் சாக்கைச் சுற்றி, கல்யாண வீட்டு ஆள் ஒருவரிடம் தண்ணீர் காட்டச் சொல்லியிருந்தார். கார் வந்தது. வெடி வெடித்தார்கள். அந்த ஆளும் மாலையைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளையிடம் போய்விட்டார். எல்லோரும்தான் போனார்கள். சாக்கு காய்ந்தது.

அன்றைக்கு ஒரு பாட்டில் பின்குரல் பாட ஆள் இல்லை. தலைவர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வாசிப்பது வழக்கம். கம்பிகளின் மேல் இரண்டு கையையும் வைத்தபடியே மைக்குக்குக் குனிந்தாள். உதடு பட்டது.

சத்தம் எதுவும் போடவில்லை அவள். என் முதுகில் வந்துகொண்டிருந்த ஓசை மட்டும் நின்று, அதன் இடத்தில் ஒரு ரீங்காரம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். அவளுடைய இடது கை கிடாரின் கழுத்தை இறுகப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்று சொல்லக்கூடாது. கம்பிதான் கையை விடவில்லை. கண் என்னைப் பார்க்கவில்லை. நான் எழுந்திருப்பதற்குள் அவள் பின்னால் சாய்ந்தாள். சாய்ந்ததில் அந்தக் குட்டை ஒயர் விறைத்து, கிடாரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. அவ்வளவுதான். விழுந்தவள் மூச்சை இழுத்தாள்.

மண் காய்ந்ததும் திரும்ப வழியில்லாத கரண்ட் ஆம்ப்ளிஃபயரின் தகரத்தில் ஏறி, ஒயர் வழியாகக் கம்பிகளுக்கு வந்திருக்கிறது. மைக்கின் இரும்புக் கால் தார்ப்பாயின் விளிம்பு தாண்டி மண்ணில் நின்றது. நடுவில் என் மகள். இதெல்லாம் பிறகு விளங்கியது. அவளை யாரும் காப்பாற்றவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருக்கிறது. ஒயர் இன்னும் இரண்டு முழம் நீளமாக இருந்திருந்தால் என்ற நினைப்பு, கரும்பலகையில் எழுதும்போது, அரிசி களையும்போது, எங்கே என்றில்லாமல் வந்து நிற்கிறது.

ஆஸ்பத்திரியில் உதட்டுக்கும் விரல் நுனிகளுக்கும் மருந்து போட்டு அனுப்பினார்கள். இடது கை மோதிர விரல் மட்டும் மரத்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் கிடாரைப் போர்வையில் சுற்றிப் பீரோ மேல் ஏற்றினேன். அவள் தடுக்கவில்லை. குடத்துத் தண்ணீர் அசையாமல் நின்றது. அதைப் பார்க்கும்போது நிம்மதியாக இருந்தது. கொஞ்ச நாளில் அதைப் பார்க்கவும் பிடிக்கவில்லை. அவள் வேலை எல்லாம் செய்தாள், சாப்பிட்டாள், பக்கத்து வீட்டு மாட்டைத் தடவிக்கொடுத்தாள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது இடது கை விரல்கள் கட்டில் சட்டத்தின் மேல் நடந்துகொண்டிருக்கும். மோதிர விரல் வரவேண்டிய இடத்தில் ஒரு இடைவெளி விழும். அவள் திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவாள்.

தலைவர் தாமலில் ஒரு நிச்சயதார்த்தம் என்று கேட்டுவந்தார். தயங்கித் தயங்கி வாசலிலேயே நின்றார்.

"பேட்டரியில ஓடற மாதிரி எதனா பண்ணலாம் டீச்சர். மைக் தங்கச்சி கிட்டயே வராது."

"அவ வரமாட்டா" என்றேன்.

அவர் போனதும் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னக் கேக்காமயே சொல்லிட்டியே."

"உனக்கு பயமா இல்லையா?"

"பயமாத்தாம்மா கீது. கனாவுல கூட கை ஒட்டிக்கினு கீது." மரத்த விரலை மடக்கி மடக்கிப் பார்த்தாள். "ஆனா இப்படியே உட்டுட்டேன்னு வையி, கடைசியா வாசிச்சது அதுவாவே இருந்துடும்."

அன்று சாயங்காலம் பீரோ மேலிருந்து கிடாரை நானே இறக்கினேன். போர்வையைப் பிரித்து அவள் மடியில் வைத்தேன். பெட்டியோடு இணைக்காமலேயே ஒரு கம்பியைத் தட்டினாள். மிகவும் சன்னமாக, அடுத்த தெருவில் யாரோ பேசுவதுபோல ஒலித்தது. மரத்த விரலைக் கம்பியின் மேல் வைத்து, சரியான இடத்தில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொண்டாள்.

தாமலுக்குப் பகல் நிகழ்ச்சிக்கு மட்டும் ஒப்புக்கொண்டேன். ஏரிக்கரைக் காற்று பந்தலைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தது. எதிர்க்கரை வெயிலில் கரைந்து, தண்ணீர் எங்கே முடிகிறது வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. குழாய் அடிக்கக்கூடாது, ஜெனரேட்டர்தான் என்று சொல்லிவிட்டேன். அவள் நிற்க ஒரு மரப் பலகை, காலில் ரப்பர் செருப்பு. மைக்கைப் பத்தடி தள்ளிப் போட்டார்கள். எல்லாம் செய்தும் எனக்குப் போதவில்லை. அவள் தோளில் வாரை மாட்டுவதற்கு முன்னால் நான் போய்ப் புறங்கையைக் கம்பிகளில் வைத்தேன். உள்ளங்கையை வைத்தால் பிடித்துக்கொள்ளும் என்று லைன்மேன்கள் அப்படித்தான் தொட்டுப் பார்ப்பார்கள்.

"இன்னா டீச்சர், ஆசீர்வாதமா?" என்றார் தபேலாக்காரர்.

மகள் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து விலக்கினாள்.

"உனக்கு அடிச்சா மட்டும் நான் நல்லா இருப்பேனா? இப்படிப் பண்ணா நான் வாசிக்கல."

அப்புறம் ஒரு டெஸ்டர் வாங்கிவந்தோம். ஸ்க்ரூ டிரைவர் போல இருக்கும். கரண்ட் இருந்தால் அதன் பிடிக்குள் சின்னதாகச் சிவப்பு எரியும். ஒவ்வொரு இடத்திலும் பெட்டியைப் போட்டதும் அவளே அதைக் கம்பிகளில் வைத்து, எரியவில்லை என்று எனக்குக் காட்டிவிட்டுப் புடவை மாற்றப் போவாள். அவள் விரலில் உணர்ச்சி பாதி திரும்பியிருக்கிறது. மீதி வருமா என்று யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்பதில்லை.

போன வாரமும் அப்படித்தான் காட்டிவிட்டுப் போனாள். கிடார் நாற்காலியில் சாய்ந்திருந்தது. யாரும் பார்க்காத நேரம் நான் புறங்கையைக் கம்பிகளின் மேல் வைத்தேன். தோலுக்கடியில் மெல்ல ஒரு நடுக்கம் ஏறியது. கையை எடுக்கவில்லை. தபேலாக்காரர் சுதி பார்க்கத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் நிறுத்தியதும் நடுக்கமும் நின்றது; தட்டியதும் வந்தது. மறுபடி நிறுத்தச் சொல்லி, மறுபடி தட்டச் சொன்னேன். வந்தது தபேலாவின் அதிர்வுதான், கரண்ட் இல்லை. அதன்பிறகுதான் புடவை மாற்றும் அறைக் கதவைத் தட்டி, வரலாம் என்று சொன்னேன்.