அப்பாவின் வாய்

கௌசி ஒன்பது வயதில் ஊரிலிருந்து கனடாவுக்கு, டோர்செட் பார்க் பகுதியில் ஒரு அடுக்குமாடியின் பதினோராம் மாடிக்கு வந்து சேர்ந்தாள். கொஞ்சக் காலத்துக்குள் வீட்டின் ஆங்கிலம் முழுவதும் அவள் தலையில் விழுந்தது. டொக்டர், வீட்டுக்காரன், வேலைத்தலத்து சுப்பவைசர், யார் பேசினாலும் நடுவில் அவள்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தகப்பன் சண்முகலிங்கம் சிரிப்பார். "இந்தா, என்ர வாய் வந்திட்டுது." பேசி முடிந்ததும் எப்போதும் அதே கேள்வி. "கூட்டிக் குறைக்காமல் சொன்னனியோ?"

"ஓமப்பா."

அது உண்மை. அவருடைய இதயத்தைப் பற்றி டொக்டர் சொன்னதைக்கூட அவள் அப்படியே சொன்னாள்.

தொண்ணூற்றேழு மாசியில், கௌசிக்குப் பத்தொன்பது வயதானபோது, அவர் போய்விட்டார். அவருக்கு ஆண்பிள்ளை இல்லை. பக்கத்து நகரமான பிறம்ரனிலிருந்து வந்த சித்தப்பா தன் மகன் பிரியந்தனை முன்னே தள்ளினார். இங்கே சுடலை என்பது ஒரு கட்டடம், கொள்ளி என்பது சுவரில் ஒரு பட்டன். ஆனாலும் அதை ஒரு ஆண்பிள்ளைதான் அழுத்த வேண்டுமாம்.

"நான் வைக்கிறன், சித்தப்பா."

"பொம்பிளைப்பிள்ளை கொள்ளி வைக்கிறதோ? கனடாவுக்கு வந்தவுடன நாங்கள் என்ன, வெள்ளைக்காரரோ?"

தாய் மங்கையற்கரசி நிலத்தைப் பார்த்தபடி இருந்தாள். பிரியந்தன் கௌசியின் காதோரம், "அக்கா, ஐ பேர்லி நியூ ஹிம்," என்றான்; பெரியப்பாவோடு அவன் அதிகம் பழகியதில்லை.

தகனசாலையில் வேலை செய்யும் வெள்ளைக்காரர் வந்து, யார் அழுத்தப்போவது என்று மெதுவாகக் கேட்டார்.

"என்னவாம்?" என்றார் சித்தப்பா. வெயார்ஹவுசில் தமிழரோடு தமிழராக வேலை செய்யும் அவருக்கும் ஆங்கிலம் எட்டாது.

கௌசி அவரை நேராகப் பார்த்தாள். "கையெழுத்து வைச்ச ஆள்தான் அமத்தலாமாம். வேற ஆரும் தொட்டால் சட்டப்படி பிழையாம்."

தகனத்துக்கான ஆங்கிலப் படிவத்தில் இருந்த கையெழுத்து அவளுடையது. பிரியந்தனுக்கு எல்லாம் விளங்கியது. அவன் வாயைத் திறக்கவில்லை.

"சட்டமெண்டால் என்ன செய்யிறது," என்று சித்தப்பா விலகினார்.

பட்டன் குளிர்ந்திருந்தது. அழுத்தியதும் உள்ளே ஏதோ இரைந்தது. அழுகைக்கு முன் அவளுக்கு அந்தக் கேள்விதான் வந்தது. கூட்டிக் குறைக்காமல் சொன்னனியோ?

முப்பத்தோராம் நாள் காரியத்துக்குச் சாப்பிட வந்த சனத்துக்குச் சித்தப்பா விளக்கம் சொன்னார். "பெட்டை விரும்பிச் செய்யேல்லை. இங்கத்தைச் சட்டம் அப்பிடி. பாவம், அவளுக்கும் வேற வழியில்லை."

எல்லோரும் தலையாட்டினார்கள். மகள் எண்டபடியால்தான் வைச்சனான் என்று சொல்லக் கௌசிக்கு நாக்கு நுனிவரை வந்தது. பிரியந்தன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் அடுத்த கடதாசித் தட்டில் சோற்றைப் போட்டாள்.